முப்பத்தேழாம் நம்பர் டோக்கன்

நெல்லிபெட்டா வனப் பூங்காவின் வாசலில் நாங்கள் போய் இறங்கியபோது மணி பதினொன்றே கால். ஒன்பதுக்கே சேர்ந்திருக்க வேண்டும். சந்தாபுரா சிக்னலைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆனது. ஆனேக்கல்லுக்கு அப்பால் வழி தவறி ஒரு கல் குவாரிக்குள் போய் நின்று, பின்னாலேயே எடுத்துத் திரும்பி வந்தோம். உத்தமன் மாமா முதலில் மேப்பைத் திட்டினார், அப்புறம் அக்காவைத் திட்டினார், கடைசியில் யாரென்று இல்லாமல் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

உத்தமன் மாமா என் அக்கா உஷாவின் கணவர். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு, ஒன்றரை வருஷமாக நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அவர்களுடைய மகள் மகிழினிக்கு நாலு வயது. அவளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வீட்டில் எனக்கு இருக்கும் இடமும் அதுதான். அன்று காலையில் லெமன் சாதத்தைக் கட்டிக்கொண்டே அக்கா அதை ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். "வித்யா, காட்டுல அவ கைய விட்டுடாத. அதையும் பாத்துக்க முடியலன்னா நீ ஊருக்கே போயிடலாம்." கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

ஊர் என்றால் ஆம்பூர். அங்கே அண்ணனுக்கு ஒற்றை அறை வாடகை வீடு. எனக்கென்று அதில் ஒரு மூலைகூடக் கிடையாது. இது அக்காவுக்கும் தெரியும்.

வண்டியில் மாமாவோடு வேலை செய்கிற ஹரிஷ் அண்ணாவும் அவர் மனைவி குளோரியா அக்காவும் இருந்தார்கள். அல்சூர்க்காரர்கள். எல்லாரும் சேர்த்து ஆறு பேர். ஏழாவதாக மாமாவின் தங்கை தீபிகா வருவதாக இருந்தது. ஆபீசில் ஏதோ ரிலீஸ், வர முடியாது என்று காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. அதற்குள் ஆன்லைனில் ஏழு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஏழு பொட்டலம் சாதமும் கட்டியாகிவிட்டது.

பூங்கா வாசலில், வண்டியைக் கேட்டுக்கு உள்ளே நிறுத்தும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் சுவரில் ஒரு பலகை, பலகை முழுக்க ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் வட்டமான ஒரு தகர டோக்கன். காக்கிச் சட்டையும் மஃப்ளருமாக வாட்ச்சர் சின்னப்பா உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டைப் பார்த்து, நோட்டில் ஏழு பெயரையும் நிதானமாக எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண். அந்த எண் டோக்கனை மஞ்சள் நைலான் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டிவிடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் உள்ளே ஓர் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பலகை நிறையாமல் அவர் கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

மாமா பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். ஆறு பேர்தான் வந்திருக்கிறோம், ஏழாவது பெயரை அடித்துவிடுங்கள் என்றார். அடிக்க ஆபீசர் கையெழுத்து வேண்டும் என்றார் சின்னப்பா. ஆபீசர் எங்கே என்றால், சனிக்கிழமை வரமாட்டார்.

"ஆளே வரலைங்க. அப்புறம் எதுக்கு டோக்கன்?"

"ஆகல்ல சார், முடியாது. டிக்கெட்ல பேர் இருக்கு. பேர் உள்ள போச்சுன்னா டோக்கனும் கூடப் போகணும்."

பத்து நிமிஷம் இதே பேச்சு. மாமாவின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. ஹரிஷ் அண்ணாதான் இடையில் புகுந்தார். அவருக்கு யாரானாலும் 'குரு'தான். "வாங்கிக்கோ குரு. தீபிகா இன்னிக்கு வொர்க் ஃப்ரம் ஃபாரஸ்ட்னு நினைச்சுக்கலாம்."

சின்னப்பா முப்பத்தொன்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினார். எனக்கு முப்பத்தாறு. ஆணியால் குத்திக் குத்தி எழுதிய எண். ஆறின் வால் கொஞ்சம் கோணலாக இருந்தது. தீபிகா அக்காவுக்கானது முப்பத்தேழு. அதை மட்டும் ஆணியிலிருந்து நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. விளிம்பெல்லாம் துரு. கட்டுவதற்குக் கை இல்லை என்பதால் கயிறோடு மாமாவிடம் நீட்டினார். மாமா திரும்பிப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீ வெச்சுக்க. தொலைச்சுடாத."

டிசம்பர் மாதம். அவ்வளவு வெயிலிலும் அது என் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது.

பாதை முதலில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் போய், அப்புறம் மூங்கிலுக்குள் நுழைந்தது. மூங்கில் ஒன்றோடொன்று உரசிக் கதவு திறப்பதுபோலச் சத்தம் போட்டது. மகிழினி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த டோக்கன் யாருடையது என்று கேட்டாள். "தீபிகா அத்தையோடது" என்றேன். எனக்குக் கொடு என்றாள். கூடாது என்றேன். சிணுங்கினாள். அப்புறம் திடீரென்று சிணுங்குவதை நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் கவனித்தேன். அவளுடைய ஒரு கை என் கையில் இருந்தது. இன்னொரு கை தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்கள் மடங்கி, எதையோ பிடித்தபடி இருந்தது.

"கைய ஏன் அப்படி வெச்சிருக்க?"

"அத்தை பிடிச்சிருக்காங்க."

அந்தப் பக்கத்தில் பாதையும் உண்ணிச் செடியும் மட்டும்தான் இருந்தன. ஒரு வாசனை வந்தது. ஈரம் காயாத துணியை இஸ்திரி போட்டால் வருமே, அந்த வாசனை. பள்ளிக்கூடம் போன காலத்தில் மழை நாளில் என் சீருடையிலும் அது அடிக்கும்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுக்கு வெயிலில் தலைவலி. "சின்னப்பிள்ளை வெளையாடறா. அதுக்குப் போயி ஒரு மூஞ்சிய வெச்சுக்கற" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஓடையைத் தாண்டும் இடத்தில் பாறையெல்லாம் பாசி. ஒவ்வொருவராகத் தாண்டி வந்ததும், மாமா விரலை நீட்டி எண்ணினார். "ஏழு. சரி, நடங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால், "உள்ளேன் டீச்சர்" என்பது வாய்க்கு வருவதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கிய நாட்கள் எத்தனையோ உண்டு. வராதவள் என்று எழுதிவிட்டால் வராமலே இருந்துவிடலாம் என்று ஒருநாள் தோன்றிவிட்டது.

"மாமா," என்றேன். மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது. "நாம ஆறு பேர்."

"ஏழுதான் இருக்கு. நீ உன்னைச் சேர்த்து எண்ணியிருக்க மாட்ட."

ஹரிஷ் அண்ணா சிரித்துக்கொண்டே தானும் ஒருமுறை விரலை நீட்டி எண்ணினார். ஏழில் விரல் நின்றது. ஒரு நொடி முழித்தார். "வெயில்ல மேத்ஸ் போச்சு குரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அதோடு முடிந்தது. அவர்கள் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. எனக்குக் கையில் இருக்கிறதைத் தூக்கி எறிந்துவிட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

மலையடிவாரத்தில் சிமென்ட் கூரை போட்ட ஒரு மண்டபம் இருந்தது. பக்கத்தில் ஒரு குழாய். அங்கேதான் சாப்பிட உட்கார்ந்தோம். குளோரியா அக்கா பையிலிருந்து பாக்குமட்டைத் தட்டுகளை எடுத்து வட்டமாக வைத்தார். காலையில் எண்ணி வைத்தது, ஏழு இருந்தது. ஏழையும் வைத்துவிட்டார். ஆளில்லாத தட்டு காற்றில் பறந்தது. "அந்தத் தகரத்தைக் குடு" என்று என் கையிலிருந்து முப்பத்தேழை வாங்கி, அக்கா அந்தத் தட்டின் மேல் பாரமாக வைத்தாள். ஏழாவது பொட்டலத்தையும் பிரித்து அதில் கொட்டினாள். "கட்டினது வீணாகக் கூடாது. யாராவது ரெண்டாவது தடவைக்கு எடுத்துக்கங்க."

மகிழினியைக் கை கழுவக் குழாயடிக்குக் கூட்டிப் போய் வந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஏழாவது தட்டு அங்கே இல்லை.

சாதமும் இல்லை, தட்டும் இல்லை, டோக்கனும் இல்லை. குரங்கு என்றார் மாமா. காலையிலிருந்து ஒரு குரங்கையும் நாங்கள் பார்க்கவில்லை. ஹரிஷ் அண்ணாவும் குளோரியா அக்காவும் பக்கத்துப் புதர்களில் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். போனால் போகிறது, ஒரு தகரம்தானே என்று எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். நான் தண்ணீர் பிடிக்க மறுபடியும் குழாயடிக்குப் போனேன்.

குழாய்த் திட்டின் மேல் அந்தத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டதும் தூக்கிப்போடுகிற பாக்குமட்டைத் தட்டு. அதை யார் கழுவுவார்கள்?

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீதான் கழுவியிருப்ப, உனக்கு என்னதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

நாலரை மணிக்கு வாசலுக்குத் திரும்பினோம். சின்னப்பா முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று ஒவ்வொன்றாக அவிழ்த்து ஆணியில் மாட்டினார். ஐந்து டோக்கன்கள் மாட்டியபின் என் கைக்கு வராமல் நிமிர்ந்தார்.

"முப்பத்தேழு எங்க சார்?"

மாமா சொன்னார். குரங்கு, காற்று, தொலைந்துவிட்டது. சின்னப்பா தலையை ஆட்டவே இல்லை. உங்களில் யாரோ ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றார். மாமா ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டினார். தீபிகா அக்காவுக்குப் போன் போட்டு முகத்தைக் காட்டுகிறேன் என்றார். சிக்னல் இல்லை. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். ஹரிஷ் அண்ணா கன்னடத்தில் கெஞ்சிப் பார்த்தார். டோக்கன் இல்லாமல் கேட் திறக்காது என்ற ஒரே பதிலைச் சின்னப்பா இரண்டு மொழியிலும் சொன்னார். மாமா வந்து என் முன்னால் நின்றார்.

"உன்கிட்டதானே குடுத்தேன்?"

அக்காதான் வாங்கித் தட்டின் மேல் வைத்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகிழினியின் தலைமுடியைச் சரிசெய்தாள். 

சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சாப்பிட்ட இடத்தில் ஒருமுறை தேடிவிட்டு வரலாம் என்றார் சின்னப்பா. இடம் தெரிந்த ஓர் ஆள் கூட வரவேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மூங்கிலுக்குள் வெளிச்சம் குறைந்திருந்தது. சின்னப்பா முன்னால் நடந்தார். நான் பின்னால். எங்கள் இரண்டு பேர் காலடியில் சருகு நொறுங்கியது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவதாக ஒரு காலடியும் கேட்டது. அது சருகில் நொறுங்கவில்லை. ஈரத்தில் மிதிக்கிற சத்தம்.

"திரும்பிப் பாக்காதம்மா," என்றார் அவர், மெதுவாக.

அவருக்கும் கேட்டிருக்கிறது. அன்று முழுவதும் எனக்கு மட்டும் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரிந்தது அப்போதுதான். பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

"யாருங்க அது?"

அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் டோக்கன் கிடையாது. கண்ணால்தான் எண்ணுவார்கள். ஒரு ஹாஸ்டலிலிருந்து பஸ்ஸில் பெண்பிள்ளைகள் வந்தார்கள். உள்ளே போனது நாற்பத்திரண்டு, வெளியே வந்ததும் நாற்பத்திரண்டு. அவர்தான் எண்ணினார். பஸ் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற வேறொரு குடும்பத்துப் பெண்ணையும் சேர்த்து எண்ணிவிட்டார்.

"ராத்திரி ஹாஸ்டல்ல சாப்பாடு போடும்போது ஒரு தட்டு மிச்சமாச்சாம். அப்பதான் தெரிஞ்சுதாம். பேசவே பேசாத பொண்ணு. பக்கத்து சீட்டுல இருந்த பிள்ளைக்கே தெரியல."

"கிடைச்சாளா?"

"ஒரு செருப்பு கிடைச்சுது."

நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் மண்டபம் வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "அது யார் கூடயும் வெளிய வர முடியாதும்மா. அதுக்குப் பேர் இல்ல, நம்பர் இல்ல. இன்னிக்கு நீங்க ஆளில்லாத ஒரு பேரை உள்ள கொண்டுவந்தீங்க. தட்டும் போட்டிருக்கீங்க."

"நீங்கதானே அந்த டோக்கனைக் குடுத்தீங்க? மாமா வேண்டாம்னுதானே சொன்னார்?"

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் கோபப்பட்டதில்லை. அவர் மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "பேப்பர்ல இருக்கறதத்தான்மா நான் செய்ய முடியும்."

அவர் மண்டபத்துக்குப் பின்னால் கால்வாயில் குனிந்து தேடினார். நான் நடுவில் நின்றேன். குழாய்த் திட்டைப் பார்த்தேன். தட்டு அங்கே இல்லை.

நாங்கள் வட்டமாக உட்கார்ந்த இடத்தில் இருந்தது. நிமிர்த்தி வைத்திருந்தது. ஏழாவது இடத்தில் இல்லை.

நான் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில்.

மூங்கில் சத்தம் நின்றது.

ஈரத்துணி வாசனை என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது.

என் மணிக்கட்டில் சில்லென்று ஏதோ பட்டது. விரல்கள். சின்ன விரல்கள். நைலான் கயிற்றின் முடிச்சைத் தேடின. அவசரப்படாமல், நகத்தால் நெம்பி, முதல் முடிச்சை அவிழ்த்தன. அப்புறம் இரண்டாவதை.

கத்தினால் போதும். சின்னப்பா பத்தடி தூரத்தில் இருந்தார். வாயைத் திறந்தேன். தொண்டையில் அதே அடைப்பு.

விரல்கள் மறுபடியும் கட்டின. ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு.

காதருகே ஒரு மூச்சு, யாரோ எதையோ சொல்லிப் பழகுவதுபோல. என்ன சொல்லென்று புரியவில்லை. அப்புறம் ஒரு காலடி பாதையில் இறங்கி, வாசல் பக்கமாகப் போயிற்று. போகப்போக அதில் ஈரச் சத்தம் குறைந்தது. கடைசியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. சாதாரணமாக ஒரு பெண் ஓடுகிற சத்தம்.

"இங்க இல்ல, வா போலாம்," என்று சின்னப்பா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வேகமாக முன்னால் நடந்தார்.

வாசலில் மாமா வண்டியைக் கிளப்பியே வைத்திருந்தார். ஹரிஷ் அண்ணாவும் குளோரியா அக்காவும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இறங்கி என்னிடம் வந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

"ஏய், இப்பதானே வந்து ஏறின? மறுபடி எப்ப எறங்கிப் போன?"

"நான் இப்பதாங்க்கா வரேன்."

"என் கண்ணால பாத்தேன். டோக்கனை மாட்டிட்டு, குனிஞ்ச தலை நிமிராம வந்து பின்சீட்டுல ஏறின. எதுக்கு இந்த விளையாட்டெல்லாம்?"

பலகையைப் பார்த்தேன். முப்பத்தாறாம் ஆணியில் ஒரு டோக்கன் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆறின் வால் கோணல். அது என்னுடையது.

முப்பத்தேழாம் ஆணி மட்டும் காலி.

என் கையைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமாதான் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினார். துருப்பிடித்த விளிம்பு. முப்பத்தேழு.

"கையிலயே கட்டிக்கிட்டு ஒரு மணி நேரமா எல்லாரையும் அலைய விட்டிருக்க. உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"விடு குரு, கிடைச்சுதே போதும்" என்றார் ஹரிஷ் அண்ணா. நான் சின்னப்பாவைப் பார்த்தேன். காடு முழுக்க அவர் என்னோடுதான் நடந்தார். என் கையில் இருந்தது முப்பத்தாறு என்று அவருக்குத் தெரியும், அவரே கட்டியது. அவர் ஒருவர் சொன்னால் போதும்.

அவர் குனிந்து என் கயிற்றை அவிழ்த்தார். முப்பத்தேழை ஆணியில் மாட்டினார். நோட்டில் உள்ளே போனவர் ஏழு, வெளியே வந்தவர் ஏழு என்று எழுதினார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். பார்வையை என் பக்கம் கொண்டுவராமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பத்து வருஷமாச்சும்மா. இன்னிக்குத்தான் எனக்குக் கணக்கு சரியாப் போச்சு."

"ஐயா, நாங்க ஆறு பேர்."

அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

பின்சீட்டில், காலையில் நான் உட்கார்ந்து வந்த இடத்துக்குப் பக்கத்தில் மகிழினி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்வதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தலை விழவில்லை. நான் தீபிகா அக்கா வந்திருந்தால் உட்கார்ந்திருக்கும் ஓரத்து இடத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியதும் பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியது. "யாருடா பெல்ட் போடல?" என்றார் மாமா. அக்கா திரும்பி, "வித்யா, போடு," என்றாள். நான் போட்டிருந்தேன். போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் அந்த மணிச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனேக்கல் வரைக்கும் அது அடித்தது. ஹரிஷ் அண்ணா காதைப் பொத்திக்கொண்டார்.

"வித்யா, பெல்ட்ட போட்டுத் தொலையேன்," என்று அக்கா கத்தினாள்.

என் பக்கத்து இடத்தில் பெல்ட் மெதுவாக இழுபட்டு வந்தது. டிக் என்று பூட்டிக்கொண்டது. மணி நின்றது.

"சொன்ன உடனே செஞ்சா என்ன," என்றார் மாமா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் கண்விழித்தபோது ஏழு மணி ஆகிவிட்டது. ஆறு மணிக்கே அக்கா சத்தம் போட்டு எழுப்பியிருப்பாள். எழுப்பவில்லை. மகிழினி குளித்து, இரட்டைப் பின்னல் போட்டு, பவுடர் பூசிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலை என்னுடையது. இரண்டு பின்னலையும் காதுக்குமேல் மடித்து, நீல ரிப்பனால் இறுக்கிக் கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கட்டுவதுபோல. அந்த வீட்டில் நீல ரிப்பன் கிடையாது.

அக்கா தோசைக் கல்லோடு மும்முரமாக இருந்தாள். நேற்றைய எரிச்சல் அவள் குரலில் இல்லை. மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நேற்றுத் திட்டினதில் புத்தி வந்துவிட்டது, காலையில் சொல்லாமலே பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள் என்று.

குழாயடி மேடையைப் பார்த்தேன். எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

அக்கா ஹாலில் நாலு தட்டு வைத்தாள். மாமாவுக்கு, அவளுக்கு, மகிழினிக்கு, எனக்கு. தோசையைப் போட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். என் தட்டின் முன்னால் உட்காரப் போனேன்.

மகிழினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளை ஒன்றரை வருஷமாகத் தூக்கி வளர்த்தவள் நான். என் முகம் பார்த்துத்தான் அவள் தூங்குவாள். அறைக்குள் புதிதாக யாரோ வந்துவிட்டதுபோல் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள்.

"அத்தை, அங்க உக்காராதீங்க. சித்தி சாப்பிடறாங்க."

என் தட்டில் தோசை பாதிதான் இருந்தது.

மாமா பேப்பரைப் புரட்டினார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சட்னிக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு, கையை நீட்டி, வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"வித்யா."

இந்த ஒரு முறை தப்பவிடக் கூடாது. என்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து வாயைத் திறந்தேன். இங்கேதான் இருக்கேன் அக்கா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். முதல் எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எனக்கு முன்னால், சமையலறைக்குள்ளிருந்து, என் குரலில், தயங்காமல் பதில் வந்தது.

"இதோ வரேங்க்கா."